மலிவு சைக்கிள் கட்டுப்படியாகுமா?

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது பழமொழி. சிங்கப்பூரில் மலிவு விலையில் சைக்கிள் வாங்கும் பலருக்கு ஓராண்டுக்குள் இந்தப் பழமொழி நினைவுக்கு வந்துவிடுகிறது. வாங்கிய விலை கைக்கு அடக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், பிரேக், டயர், செயின் என்று அடுத்தடுத்துச் செய்த செலவு அந்த விலையைத் தாண்டியிருக்கும்.

அதற்காக மலிவு சைக்கிள் எல்லாமே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. துவாஸ், கிராஞ்சி, பெஞ்சுரு வட்டாரத் தங்குவிடுதிகளில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு, கடைக்கும் பணம் அனுப்பும் நிலையத்துக்கும் வேலையிடத்துக்கும் போய்வர சைக்கிள்தான் சொந்த வாகனம். வீவக புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குச் செல்லும் குடும்பத் தலைவருக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அதுவே வசதி. இவர்களில் பலருக்கு 500, 600 வெள்ளி கொடுத்து சைக்கிள் வாங்குவது ஆகாத காரியம். எந்த மலிவு சைக்கிள் கட்டுப்படியாகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்ப்பதே பயன் தரும்.

மலிவு என்பது எவ்வளவு?

இக்கட்டுரையில் மலிவு சைக்கிள் என்பது 200 வெள்ளிக்கும் குறைவாக வாங்கப்படும் சைக்கிளைக் குறிக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இணையத்திலும் பேரங்காடிகளிலும் கிடைக்கும் புதிய சைக்கிள். மற்றொன்று, ஒருகாலத்தில் 300, 400 வெள்ளிக்கு வாங்கப்பட்டு இப்போது கைமாறும் பழைய சைக்கிள். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தாலும் தரத்தில் ஒன்றல்ல.

விலைப்பட்டியலில் இடம்பெறாத மூன்று பொருள்கள் இருக்கின்றன. நல்ல பூட்டு, முன்பின் விளக்குகள், தலைக்கவசம். சிக்கனமாக வாங்கினாலும் மூன்றுக்கும் சேர்த்து 70 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 120 வெள்ளி சைக்கிள் முதல் நாளிலேயே 190 வெள்ளி ஆகிவிடுகிறது. வரவுசெலவு பார்ப்பவர்கள் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விலை எங்கே குறைக்கப்படுகிறது?

தமிழகத்தில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் என்றால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் பொருள் என்ற எண்ணம் உண்டு. சென்னை அம்பத்தூரில் 1949ல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் கறுப்பு நிறச் சைக்கிள்கள் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததுண்டு. அந்த சைக்கிள்கள் நெடுநாள் உழைத்ததற்குக் கனமான இரும்பு மட்டும் காரணமில்லை. அவற்றில் கியர் கிடையாது, அதிர்வுதாங்கி கிடையாது, செயினை மூடிய உறை இருந்தது. கெட்டுப்போகக்கூடிய பாகங்களே குறைவு.

இன்றைய மலிவு சைக்கிள் இதற்கு நேர்மாறு. பார்வைக்கு மலைப்பாதைச் சைக்கிள் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக 21 கியர், முன்பின் அதிர்வுதாங்கிகள், டிஸ்க் பிரேக் எல்லாம் பொருத்தப்படுகின்றன. குறைந்த விலைக்குள் இத்தனையும் அடங்க வேண்டுமானால் ஒவ்வொரு பாகத்தின் தரமும் இறங்கித்தான் ஆக வேண்டும். மலிவு அதிர்வுதாங்கியில் இருப்பது பெரும்பாலும் ஒரு சுருள்வில் மட்டுமே. அது எடையைக் கூட்டும். மிதிக்கும் விசையில் ஒரு பகுதியையும் விழுங்கும். மலிவு கியர் மாற்றி சில மாதங்களில் இடம் தவறி, செயின் கழன்று விழத் தொடங்கும்.

ஆகவே, 150 வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால் 21 கியர் சைக்கிளைவிடக் கியரே இல்லாத அல்லது ஆறேழு கியர் மட்டுமே உள்ள, அதிர்வுதாங்கி இல்லாத சைக்கிள் மேலானது. அதே பணம் குறைவான பாகங்களுக்குச் செலவிடப்பட்டிருக்கும். சிங்கப்பூரின் பெரும்பாலான பாதைகள் சமதளமாக இருப்பதால் அதிகக் கியர்களுக்குத் தேவையும் இல்லை.

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்:

சக்கர வளையம்: ரிம் அலுமினியமா, முலாம் பூசிய எஃகா என்று பார்க்க வேண்டும். ஒரு சிறு காந்தத்தை வைத்தால் போதும். ஒட்டிக்கொண்டால் எஃகு.

பெடல் அச்சு: இரண்டு பெடல் தண்டுகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. மலிவு சைக்கிளில் முதலில் தேயும் பேரிங்குகளில் இதுவும் ஒன்று. இதை மாற்றுவதற்கான கூலி, பாகத்தின் விலையைவிட அதிகமாக இருக்கலாம்.

பூட்டிய விதம்: இணையத்தில் வாங்கும் சைக்கிள் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில், முன்சக்கரம், பெடல், பிரேக் ஆகியவற்றை வாங்குபவரே பூட்ட வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பது தெரியாமல் முறுக்கி, மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் கடைக்காரரிடம் கொடுத்துப் பூட்டிக்கொள்வது நல்லது.

தரக்குறி: ஐஎஸ்ஓ 4210 என்பது சைக்கிள்களுக்கான அனைத்துலகப் பாதுகாப்புத் தரம். சட்டகத்திலோ கையேட்டிலோ அந்தக் குறிப்பு இருந்தால் நல்ல அறிகுறி.

மழையில்தான் சோதனை

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாள்கள் மழை பெய்கிறது. வறண்ட நாளில் நன்றாகப் பிடிக்கும் ரிம் பிரேக், எஃகு வளையம் நனைந்தவுடன் வெகுவாக வலுவிழக்கும். அலுமினிய வளையத்திலும் ஈரத்தில் பிடிப்பு குறையும் என்றாலும் எஃகு அளவுக்கு மோசமில்லை. கனரக வாகனங்கள் ஓடும் தொழிற்பேட்டைச் சாலையில், விடியற்காலை மழையில் வேலைக்குச் செல்பவருக்கு இது உயிர் தொடர்பான வேறுபாடு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனத்தில் வேலைக்குச் செல்லும்போது நேரும் விபத்தைக் கருத்தில் கொள்கிறது. சொந்தச் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வழியில் விழுந்து அடிபட்டால், பொதுவாக அந்த இழப்பீடு கிடைக்காது. இருபது வெள்ளி பிரேக் வேலையைத் தள்ளிப்போட நினைக்கும் ஊழியர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஈரப்பதம் இரும்பையும் விடுவதில்லை. கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்படும் சைக்கிளின் செயினும் திருகுகளும் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும். பிரேக் கம்பி உறைக்குள் துருவேறினால் பிரேக்கை அழுத்தியபின் அது திரும்பி வராது. கூரைக்கு அடியில் நிறுத்த இடமுண்டா என்பதைச் சைக்கிள் வாங்குமுன்பே பார்த்துவைப்பது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக் கணக்குகள். விலையும் கூலியும் கடைக்குக் கடை மாறும். ஆனால், கணக்கிடும் முறை எல்லாருக்கும் பொருந்தும். பூட்டு, விளக்கு, தலைக்கவசச் செலவு அனைவருக்கும் பொது என்பதால் இதில் சேர்க்கப்படவில்லை.

புதிய மலிவு சைக்கிள்: விலை 120 வெள்ளி. ஒன்றரை ஆண்டில் பழுதுபார்ப்புக்கு 110 வெள்ளி. அதன்பின் பழுதுபார்ப்பது வீண் என்று கைவிடப்படுகிறது. மொத்தம் 230 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 13 வெள்ளி.

நடுத்தர விலைப் புதிய சைக்கிள்: விலை 280 வெள்ளி. ஆண்டுக்கு 40 வெள்ளி பராமரிப்பு. நான்கு ஆண்டு ஓடுகிறது. மொத்தம் 440 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 9 வெள்ளி.

நல்ல பழைய சைக்கிள்: விலை 100 வெள்ளி. வாங்கியவுடன் டயர், செயின், பிரேக் மாற்ற 50 வெள்ளி. ஆண்டுக்கு 40 வெள்ளி பராமரிப்பு. மூன்று ஆண்டு ஓடுகிறது. மொத்தம் 270 வெள்ளி. மாதத்துக்கு ஏழரை வெள்ளி.

ஒரு பேருந்துப் பயணத்துக்கு ஒன்றேகால் வெள்ளி என்று வைத்து, மாதம் 24 நாள் போய்வந்தால் 60 வெள்ளி ஆகிறது. அன்றாடம் பேருந்துக்குப் பதிலாக ஓட்டுபவருக்கு மேலே சொன்ன மூன்றுமே லாபம். ஆக மலிவான புதிய சைக்கிளும்கூட அவருக்குச் சில மாதங்களில் போட்ட பணத்தை எடுத்துத் தந்துவிடும். ஆனால், மூன்றில் அதிகச் செலவு வைப்பதும் அதுவே.

நிறுவன லாரியிலோ பேருந்திலோ வேலைக்குச் செல்லும் ஊழியரின் கணக்கு வேறு. அவர் வாரநாள்களில் பேருந்துக் கட்டணம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவதற்குச் சைக்கிள் வாங்கினால் மிச்சமாகும் பணம் மிகக் குறைவு. விலையைவிட எத்தனை நாள் ஓட்டப்போகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

பகிர்வு சைக்கிள் போதுமா?

எப்போதாவது ஓட்டுபவருக்குப் பகிர்வு சைக்கிள் நல்ல மாற்றுவழி. எனிவீல், ஹலோரைடு போன்ற சேவைகளில் அரை மணி நேரச் சவாரிக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி ஆகும். மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்வர 8 வெள்ளி. பூட்டு வாங்கத் தேவையில்லை, திருட்டுப் பயமில்லை, பஞ்சர் ஒட்டும் வேலையுமில்லை.

நிறுத்தும் விதி மட்டும் கண்டிப்பானது. அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டை வருடிய பிறகே சவாரி முடிந்ததாகக் கணக்கு. தவறினால் 5 வெள்ளி கூடுதல் கட்டணம் விதிக்கப்படும். ஓராண்டில் மூன்று முறை தவறினால் எல்லாச் சேவைகளிலும் தற்காலிகத் தடை வரும்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பின்னணி உண்டு. 2017ல் சிங்கப்பூரில் பகிர்வு சைக்கிள்கள் வந்திறங்கியபோது அவை நடைபாதைகளிலும் புல்வெளிகளிலும் கண்டபடி விடப்பட்டன. 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் உரிமமுறைக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூன் 25ஆம் தேதி ஓபைக் நிறுவனம் சிங்கப்பூரில் சேவையை நிறுத்தியது. 49 வெள்ளி வைப்புத்தொகை கட்டியிருந்தவர்கள் அதைத் திரும்பப் பெற அலைய நேரிட்டது. முன்பணமாகப் பெரிய தொகை கேட்கும் எந்தச் சேவையிலும் அதிகப் பணத்தைப் போட்டுவைக்காமல் இருப்பது அந்த அனுபவம் தந்த பாடம்.

பழைய சைக்கிள் வாங்குவோருக்கு

லிட்டில் இந்தியாவுக்கு அருகே, ஜாலான் புசார் பக்கம், சுங்கை சாலைச் சந்தை பல்லாண்டுகள் இயங்கிவந்தது. பழைய கடிகாரம், கருவி, காலணி, மின்பொருள் என எல்லாம் விற்ற அந்த இடத்துக்குத் ‘திருடர் சந்தை’ என்றே பட்டப்பெயர். 2017 ஜூலை 10ஆம் தேதி அது கடைசியாக இயங்கியது. இப்போது பழைய பொருள் வாணிபம் பெரும்பாலும் கைப்பேசிக்கு இடம்மாறிவிட்டது. கரோசல் போன்ற தளங்களில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் விற்பனைக்கு உள்ளன. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ஊழியர்கள் அறைத்தோழர்களிடம் சைக்கிளை விட்டுச்செல்வதும் உண்டு.

பகல் வெளிச்சத்தில், பத்து நிமிடம் செலவிட்டுக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்தால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

1. சட்டகத்தின் இணைப்புகளில் விரிசல், பெயிண்ட் உப்பியிருத்தல், வளைவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சட்டகம் பழுதென்றால் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சைக்கிள் வேண்டாம்.

2. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். வளையம் இடவலமாக ஆடினால் கோணல். ஒன்றிரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தால் சரிசெய்யலாம். பல கம்பிகள் உடைந்திருந்தால் சக்கரத்தையே மாற்ற நேரிடும்.

3. முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது.

4. செயினை அளக்க வேண்டும். புதுச் செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதைவிடப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

5. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு, நூல் வெளித்தெரிதல் இருந்தால் டயருக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

6. கடைசியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்கத் தேவையில்லை.

மலிவுக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கலாம்

நானூறு வெள்ளி பெறக்கூடிய சைக்கிள் ஐம்பது வெள்ளிக்கு வருகிறது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது குற்றம். சாதாரண சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது என்பதால் உரிமையை நிரூபிக்கச் சட்டகத்தின் அடிப்பகுதியில், பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் வரிசை எண்தான் உதவும். அது சுரண்டப்பட்டிருந்தால் விலகிவிடுவதே நல்லது. வாங்கும்போது விற்பவருடனான குறுஞ்செய்திகளையும் பணம் அனுப்பிய பதிவையும் வைத்திருக்க வேண்டும். வாங்கிய அன்றே வரிசை எண்ணையும் முழுச் சைக்கிளையும் படமெடுத்துக்கொண்டால், பின்னர் அது திருடுபோனால் காவல்துறையில் புகார் செய்ய உதவும்.

புளோக்கின் கீழே பல மாதம் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று ஒரு சைக்கிளை எடுத்து ஓட்டுவதும் திருட்டாகவே முடியலாம். அவற்றை அறிவிப்பு ஒட்டி அகற்றுவது நகர மன்றத்தின் வேலை.

மெல்லிய கம்பிப் பூட்டை ஒரு கத்தரிக்கருவியால் நொடியில் வெட்டிவிடலாம். ‘யு’ வடிவப் பூட்டே பாதுகாப்பு. முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, சைக்கிள் நிறுத்தும் கம்பியோடு பூட்ட வேண்டும். வீவக தாழ்வாரத்தில் வைப்பவர்கள், தீயணைப்பு விதிகளின்படி 1.2 மீட்டர் வழி தடையின்றி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

சட்டம் கேட்பவை

சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் விதிகள் ஒன்றே. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. சைக்கிள் பாதையை ஒட்டி, பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் 2025 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டக்கூடாது. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கு அல்லது சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். கைப்பிரேக் இல்லாத சைக்கிளுக்கு 2021 செப்டம்பர் முதல் சாலையிலும் பொதுப்பாதையிலும் அனுமதியில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டினால் சைக்கிளோட்டிக்கும் அபராதம் உண்டு.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஐந்தடிப் பாதைகளில் நடப்பதற்கே இடமிருக்காது. அங்கு இறங்கித் தள்ளிச்செல்வதே முறை.

மலிவு மின்சைக்கிளுக்கு ஓர் எச்சரிக்கை

மிதிக்கும் சைக்கிளில் தவறான தேர்வு செய்தால் நூறு வெள்ளியோடு போகும். மின்சைக்கிளில் அப்படியல்ல. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி மின்சைக்கிளுக்கு ஆணையத்தின் அங்கீகார முத்திரையும், பதிவும், எண்பலகையும் வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, மிதிக்கும்போது மட்டும் உதவி, மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுநருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நடைபாதையில் ஓட்ட அனுமதியில்லை. சாதாரண சைக்கிளில் மோட்டாரைப் பொருத்தி விற்பவர்களிடம் வாங்கினால் சைக்கிளும் பறிபோகும், வழக்கும் சேரும். தரமற்ற மின்கலன் தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

பத்து வெள்ளியில் ஆயுளைக் கூட்டலாம்

மலிவு சைக்கிளின் ஆயுள் பராமரிப்பில்தான் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து, சைக்கிள் எண்ணெய் விட்டு, மிகுதியை மீண்டும் துடைக்க வேண்டும். சமையல் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காற்றழுத்த அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைவிடக் குறைவான காற்றில் ஓட்டினால் டியூப் கிழியும், ரிம் அடிவாங்கும். புதுச் சைக்கிளில் முதல் மாதத்தில் திருகுகளும் பிரேக் கம்பியும் தளர்வது இயல்பு. அவற்றை ஒருமுறை இறுக்க வேண்டும். பிரேக் கட்டையில் உள்ள பள்ளங்கள் மறைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஓர் அறையில் ஐந்தாறு பேர் சைக்கிள் வைத்திருந்தால் ஒரு பம்ப், ஒரு பஞ்சர் பெட்டி, ஒரு திருகுச்சாவித் தொகுப்பு எல்லாருக்கும் போதும்.

யாருக்கு எது?

அன்றாடம் ஐந்து கிலோமீட்டருக்குமேல் ஓட்டுபவர், குறிப்பாகச் சாலையில் ஓட்டுபவர், ஆக மலிவான புதிய சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது. நல்ல நிலையிலுள்ள பழைய சைக்கிள் அல்லது கொஞ்சம் கூடுதல் விலையில் எளிமையான புதிய சைக்கிள் அவருக்கு ஏற்றது.

தங்குவிடுதியிலிருந்து பக்கத்துக் கடைக்கும் திடலுக்கும் மட்டும் செல்பவருக்குக் கியர் இல்லாத மலிவு சைக்கிள் போதும். வேலை அனுமதி பொதுவாக ஈராண்டுக்கு என்பதால், அந்தக் காலம் உழைத்து அடுத்தவருக்குக் கைமாறினாலே போட்ட பணம் வந்துவிடும்.

வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்குப் பகிர்வு சைக்கிள் போதும். வளரும் பிள்ளைக்குப் பழைய சைக்கிளே சிக்கனம். இரண்டு ஆண்டில் அது எப்படியும் சிறிதாகிவிடும்.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரின் சைக்கிள் பாதைக் கட்டமைப்பை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக விரிவுபடுத்த அரசாங்கம் திட்டமிட்டுள்ளது. சைக்கிளில் போய்வரக்கூடிய இடங்கள் பெருகும்போது மலிவு சைக்கிளுக்கான தேவையும் பெருகும். எதை வாங்கினாலும், கையிலுள்ள பணத்தில் முதல் பங்கைப் பிரேக்குக்கும் பூட்டுக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் சைக்கிள் தேடுபவர் பெரிதாக நட்டப்படுவதில்லை.